ஹேண்ட் பிரேக் போட்டியா, இல்லையா?

நிறுத்தி வைத்திருந்த லாரி தானாக உருண்டு போய் எங்காவது இடித்தால், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். டிரைவர் "போட்டேன்" என்பார். யாரும் நம்ப மாட்டார்கள். "போட்டிருந்தா வண்டி எப்படிய்யா போகும்?" அத்தோடு விசாரணை முடிந்தது. மறுநாள் அந்த லாரியின் சாவி வேறு ஒருவர் கையில் இருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரேக் போடாமல் இறங்கிப் போகிறவருக்காக வாதாட எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் அது பாதிக் கேள்விதான். "போட்டால் அது பிடிக்கிற நிலையில் இருந்ததா?" என்கிற மீதிப் பாதியை ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு லாரியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. 1974-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் ஹார்பருக்குள் (இப்போது வ.உ.சிதம்பரனார் துறைமுகம்) போகிற, வருகிற கண்டெய்னர் டிரெய்லர்கள், நிலக்கரி டிப்பர்கள், உப்பு லோடு லாரிகள் எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். ஊருக்குள் தண்ணீர் கேன், பிஸ்கட், சிலிண்டர் என்று கடை கடையாக இறக்கிப் போகிற குட்டி யானைகள் தனி. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு நம் சந்துகளில் அது நுழையாத சந்து இல்லை.

வெளியூர் நண்பர்கள் கேட்கலாம், "உங்க ஊரு சமதரையாச்சே, அங்க எங்க வண்டி உருளும்?" என்று. சமதரை என்பதுதான் சிக்கலே. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இறங்கும் முன் ஹேண்ட் பிரேக்கை இழுப்பது மூச்சு விடுவது மாதிரி பழகியிருக்கும். நம் ஊரில் கியரில் போட்டுவிட்டு இறங்கினாலே வண்டி நிற்கிறது, பல நேரம் நியூட்ரலில் விட்டாலும் நிற்கிறது. பழக்கம் அப்படியே போய்விடும். அதே லாரி உப்பு ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அங்கே சாலை சமதரை இல்லை.

ஊரிலேயே கூட முழுச் சமதரை கிடையாது. மேம்பாலத்தின் ஏற்றம், எடை மேடைக்கு ஏறும் சரிவு, குடோன் வாசலில் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக விட்ட வாட்டம் எல்லாம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன் (பிசிக்ஸ் வாத்தியார் மன்னிக்க). லோடோடு 28 டன் இருக்கும் பத்துச் சக்கர லாரி ஒன்று, நூறு அடிக்கு இரண்டடி இறங்குகிற சரிவில் நிற்கிறது. கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாது. அந்தச் சரிவு லாரியை இழுக்கிற விசை சுமார் 560 கிலோ எடைக்குச் சமம். டயரின் தடையைக் கழித்தால் மிச்சம் 360 கிலோ போல வரும். பிரேக் இல்லையென்றால் பத்து நொடியில் ஆறு மீட்டர் போயிருக்கும். அப்போது அதன் வேகம் நாம் நடக்கிற வேகம்தான். நடக்கிற வேகத்தில் 28 டன்! பின்பக்கக் கதவுக்கும் குடோன் சுவருக்கும் நடுவில் மூட்டையோடு நிற்கிற லோடுமேனுக்கு அந்த வேகமே போதும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். சின்ன வண்டிகளில் ஹேண்ட் பிரேக் என்பது ஒரு கேபிள். கையால் இழுத்தால் அது பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூவை விரிக்கும். கேபிள் தளர்ந்தால் லிவர் மேலே வரும், ஷூ விரியாது. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் படுகிற நம் ஊரில் அந்தக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். உப்பளத்துக்குள் போய் வருகிற வண்டியின் அடிப்பாகத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள், புரியும். பெரிய லாரிகளில் கதை வேறு. அங்கே பிரேக்கைப் பிடிப்பது ஒரு முரட்டு ஸ்பிரிங். காற்றழுத்தம் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும். வால்வைத் திருப்பிக் காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் பாய்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் லைனிங் தேய்ந்து, இடைவெளியைச் சரிசெய்யாமல் விட்டால் ஸ்பிரிங் நீண்ட தூரம் நீள வேண்டியிருக்கும். நீள நீள அதன் பலம் குறையும். டிரைவர் வால்வைத் திருப்பியிருப்பார், 'புஸ்' என்று சத்தமும் வந்திருக்கும், பிடி மட்டும் இருக்காது. ஐ.நா.வின் 13-ஆம் எண் பிரேக் விதிமுறைப்படி, முழுச் சுமையோடு 18 சதவீதச் சரிவில் வண்டி நின்றாக வேண்டும். ஷோரூமிலிருந்து வருகிற புது லாரி நிற்கும். பத்து வருஷம் உப்பு சுமந்த லாரி?

எஃப்.சி. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. எஃப்.சி. காட்டப் போகும் வாரத்தில் வண்டிக்கு நடக்கிற அலங்காரம் நமக்குத் தெரியாததா? மீதி ஐம்பத்தொரு வாரம் டிரைவரின் காலும் கையும்தான் பிரேக்கைச் சோதிக்கின்றன. பிரேக் மக்கர் பண்ணுவது முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் ஏன் சொல்வதில்லை?

எங்கள் பக்கத்துத் தெருவில் முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். "பிரேக்கு சரியில்லன்னு சொன்னா என்ன சொல்லுவாவ தெரியுமா தம்பி? 'நீ எறங்கு, ஓட்டுறதுக்கு ஆளு வருவான்'ம்பாவ. வண்டி ஷெட்டுல நின்னா எனக்கு பேட்டாவும் கெடையாது. அதனால ரெண்டு கல்லு எடுத்து டயருக்கு அடியில வச்சிட்டு சோலிய பாப்பேன்."

இதில் எல்லாம் அடங்கிவிட்டது. சொன்னால் அந்த டிரிப் போகும். சொல்லாமல் வண்டி உருண்டால் வேலை போகும். உருளாமலும் இருக்கலாம் இல்லையா? அதனால் கல் வைக்கிறார்கள். (கிளம்பும்போது அந்தக் கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போவதும், இரவில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவதும் தனிக் கட்டுரைக்கான விஷயம்.) முன்பெல்லாம் கிளீனர் பையன் இருப்பான், வண்டி நின்றதும் கட்டையோடு குதிப்பான். இப்போது பல வண்டிகளில் டிரைவர் ஒற்றை ஆள். நம் ஊரில் சங்கு குளிக்கப் போகிறவர் மேலே கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. லாரிக்குப் பின்னால் நிற்கிற லோடுமேனுக்கு அப்படி ஒரு மச்சான் இல்லை.

இன்னொன்று. வண்டி உருள ஆரம்பித்ததும் டிரைவர் என்ன செய்வார்? ஓடிப் போய் கதவைப் பிடித்து உள்ளே ஏறப் பார்ப்பார், இல்லையென்றால் முன்னால் நின்று தள்ளப் பார்ப்பார். 360 கிலோவை யார் தள்ளுவது? கால் தவறினால் பின்சக்கரம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் ஓடுகிறார் என்றால், லாரி போய் இடித்தால் வேலை போய்விடும் என்கிற பயம். வேலை போகும் என்கிற மிரட்டலால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நின்ற லாரி உருண்டதற்கு நம் ஊரில் பெரிய விசாரணை அறிக்கை எல்லாம் வருவதில்லை. பேப்பரில் நாலு வரி வந்தால் அதிகம். அதனால் விசாரணை நடந்த இடத்தை, அதாவது ரயிலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரி 25 ஞாபகம் இருக்கிறதா? ஜம்முவில் கத்துவா ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த சரக்கு ரயில், ஜல்லி ஏற்றிய 53 வேகன்களோடு, டிரைவர் இல்லாமல் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி பஞ்சாபில் மணல் மூட்டை போட்டு நிறுத்தப்பட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லோரும் சிரித்தோம். முதல்கட்ட விசாரணையில் ரயிலை ஓட்டியவரோடு நிலைய அதிகாரியின் பெயரும் அடிபட்டது. பலர் சஸ்பெண்ட் ஆனார்கள். ரயிலை ஓட்டியவர் சில நாட்களிலேயே டிஸ்மிஸ்.

கனடாவில் 2013 ஜூலை 6 அன்று நடந்ததற்கு யாரும் சிரிக்க முடியாது. கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்களோடு ஒரு ரயிலை ஒரே ஒரு ஊழியர் ஓட்டி வந்து, ராத்திரி நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். அவர் ஏழு ஹேண்ட் பிரேக் போட்டார். இன்ஜினில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் வந்து இன்ஜினை அணைத்தார்கள். இன்ஜின் நின்றதும் காற்று கசிந்தது, ஏர் பிரேக் விட்டது, ஏழு ஹேண்ட் பிரேக்கால் தாங்க முடியவில்லை. அங்கே சரிவு எவ்வளவு தெரியுமா? 1.2 சதவீதம். நம் குடோன் வாசல் வாட்டத்துக்குப் பக்கத்தில்தான். லாக் மெகாண்டிக் என்ற ஊரில் 47 பேர் செத்துப் போனார்கள். ஓட்டியவர் கைதானார். ஆனால் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிரேக்கை எண்ணியதோடு நிறுத்தவில்லை. இன்ஜின் பராமரிப்பு, ஒற்றை ஆள் வேலை, கம்பெனியின் பயிற்சி, அரசின் மேற்பார்வை என்று 18 காரணங்களைப் பட்டியலிட்டது. 2018 ஜனவரியில் ஜூரி அவரையும் மற்ற இருவரையும் குற்றமற்றவர்கள் என்றது. அவர் போட்ட பிரேக் குறைவுதான், அதை வாரியமும் சொன்னது. ஆனால் பதினெட்டில் அதுவும் ஒன்று. நம் லாரி டிரைவர் விஷயத்தில் நாம் ஒன்றோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்ய வேண்டும். இது டிரைவருக்கு. உருண்டு யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), ஐந்து வருஷம் வரை சிறை. 2024 ஜூலைக்கு முன்பு பழைய 304ஏ-யில் இது இரண்டு வருஷமாக இருந்தது. இதுவும் டிரைவருக்கு. ஆனால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 190 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாதாரண கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய கோளாறு உள்ள வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளி. அதாவது முதலாளி! முதல் முறை என்றால் அபராதம் 1,500 ரூபாய்; அந்தக் கோளாறால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒருபக்கம் ஐந்து வருஷம், இன்னொருபக்கம் மூன்று மாதம். அந்தத் தண்டனையும், கோளாறு முதலாளிக்குத் தெரியும் என்று யாராவது எழுத்தில் காட்டினால்தான் சுலபமாக வரும். அண்ணாச்சி சொன்னது வாய்வார்த்தை. அதற்கு ரசீது கிடையாது.

அமெரிக்க அஞ்சல் துறையில் நிறுத்திய வண்டி உருண்டால் அதற்கென்றே தனி விபத்து வகை வைத்திருக்கிறார்கள். கடுமையாகவே நடவடிக்கை எடுப்பார்கள். ஆனால் அங்கே தபால்காரருக்குச் சங்கம் இருக்கிறது, அது முறையீடு செய்யும், தண்டனை அளவுக்கு மீறியதா என்று வெளியிலிருந்து ஒரு நடுவர் பார்ப்பார். நம் ஊரிலும் நிரந்தரத் தொழிலாளிக்கு அப்படி வழி இருக்கிறது, தொழில் தீர்ப்பாயம் பணிநீக்கத்தைக் குறைந்த தண்டனையாக மாற்றலாம். டிரிப் கணக்கில் பேட்டா வாங்குகிறவர் தன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதையே நிரூபிக்க முடியாது, சாவியை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யோடு சேர்ந்து நின்று கூலி உயர்வு வாங்கிய ஊர் இது. அவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். லாரிக்குள் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என் யோசனை ரொம்பப் பெரியது இல்லை. வண்டி உருண்டால், யாரையும் வேலையை விட்டு அனுப்பும் முன், அதைத் தொடாமல் நிறுத்திவைத்து ஒரு மெக்கானிக் பிரேக்கைப் பார்த்து எழுதித் தர வேண்டும். இப்போது நடப்பது என்ன? முதல் வேலையாக வண்டி பட்டறைக்குப் போகிறது, பிரேக் சரியாகிறது, பிறகு "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆனால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கலாம். சுவரை இடித்ததற்கெல்லாம் அவர் வருவாரா? பார்த்த பிறகு பிரேக் நன்றாக இருந்து, டிரைவர் போடாமல் போனது தெரிந்தால் தாராளமாக நடவடிக்கை எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதோடு, கோளாறு சொல்லி எழுதிக் கொடுத்த நாளுக்கு டிரைவரின் பேட்டாவை வெட்டக் கூடாது.

ஒற்றை லாரி வைத்து டியூ கட்டிக்கொண்டிருக்கிற முதலாளி இதைப் படித்தால் கோபப்படுவார். ஒரு நாள் வண்டி நின்றால் அவருக்கு நஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கட்டையை அவர் தலையில் கட்டாமல், லோடு ஏற்றுகிற இடத்தின் பொறுப்பாக்க வேண்டும் என்கிறேன். கண்டெய்னர் யார்டோ உப்புக் குடோனோ, லாரி வந்து நின்றதும் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைப்பது அந்த இடத்து ஆளின் வேலை, லோடுமேன் பின்னால் போவது அதற்குப் பிறகுதான். தமிழில் முட்டுக்கட்டை என்றால் ஏன்தான் கெட்ட வார்த்தை ஆனதோ தெரியவில்லை. ரப்பர் கட்டை வாங்கக் காசில்லை என்றால் மரக்கட்டை போதும். நம் ஊர் மர அறுவை மில்லில் கேட்டால் கழிவுத் துண்டிலேயே அறுத்துத் தருவார்கள்.