தொண்டமான் கணக்கும் நம் கணக்கும்



அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கை மலையகம் மறக்க முடியாத நாள். 1964-இல் அன்றுதான் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத் தொழிலாளரைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். 1999-இல் அதே தேதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தார்.

1913-இல் இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர். 1947-இல் நுவரெலியா மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அனுப்பிய மக்களே நாடற்றவர் ஆனார்கள். அடுத்து வாக்கும் பறிபோனது. வாக்கிழந்தவனுக்குச் சங்கம் ஒன்றே துணை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை அவர் கட்டிக் காத்தது அதனால்தான்.

1978-இல் அமைச்சரானார்; நான்கு ஜனாதிபதிகளின் கீழ் பதவி வகித்தார். 1984 வேலைநிறுத்தம் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சம்பளம் வாங்கித் தந்தது. 1986 ஜனவரியில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள்; அவ்வாண்டே நாடற்றவருக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது. எஞ்சியவர் குறையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. அதைக் காண அவர் இல்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். தொழிலாளர் தலைவரான அவரே தோட்ட முதலாளியும்கூட. 1983 கலவரத்தில் நம்மவர் அடிபட்டபோதும் அமைச்சரவையில் நீடித்தார். அவருக்குப் பின் தலைமை பேரன் கைக்குப் போயிற்று. லயமோ லயமாகவே நின்றது.

தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் நெல்லியாம்பதியிலும் இருக்கும் நமக்கு இதில் என்ன? நம்மிடம் வாக்கு இருக்கிறது. சொந்தமாக ஒரு சென்ட் மண் இல்லை. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனதே, அவர்களும் நம்மைப் போலத் தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள்தானே?

2015-இல் மூணாறு பெண்கள் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சாலையில் அமர்ந்து போனஸுக்குப் போராடினார்கள். அந்தப் பாடத்தையும் சேர்த்தே படிப்போம். தலைவர் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்பதோடு நில்லாமல், தொழிலாளி கையில் என்ன தங்கியது என்றும் கேட்போம். மலையகம் குடியுரிமைச் சீட்டு வாங்கியது. நாம் வீட்டுப் பட்டா வாங்கியாக வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்!