அறுவடைக்கு முன்னும் பின்னும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, வீட்டுப் பெண்களின் காதுத் தோட்டையும் அடகு வைத்துவிட்டு, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் தேதியையும் தவறவிட்டான் என்று கேள்விப்பட்டால், 'அவனுக்குப் புத்தி அவ்வளவுதான்' என்று தீர்ப்புக் கூறுவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. மனித மனத்தைப் பற்றிய தீர்ப்புக்கும் சாட்சியமும் விசாரணையும் வேண்டும் என்று வற்புறுத்தும் சாஸ்திரமே மனோதத்துவம். அதன் விசாரணை முறைகள் நமது வயற்காட்டுக்கும் வந்தாக வேண்டும்.

அத்தகைய விசாரணை தமிழ்நாட்டிலேயே ஒரு முறை நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வரும் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து, 2013-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பணமுடையைப் பற்றிய கவலையே மனத்தை அடைத்துக்கொள்வதால் மற்ற யோசனைகளுக்கு இடம் குறைகிறது என்பது அவர்களுடைய கருதுகோள். ஏழையையும் செல்வனையும் ஒப்பிட்டால் படிப்பு, ஊட்டம், வளர்ப்பு என்று எத்தனையோ வேற்றுமைகள் குறுக்கிடும் ஆகையால், ஒரே மனிதனை அறுவடைக்கு முன் கை வறண்ட காலத்திலும், பின் பணம் வந்த காலத்திலும் சோதித்து, அவனுக்கு அவனையே அளவுகோலாக்கினார்கள். காரணமாகக் கருதப்படும் கையிருப்பு இங்கே சாரா மாறி. விளைவாக அளக்கப்படும் சிந்தனைத் திறன் சார்ந்த மாறி.

'5 5 5' என்று எழுதிக் காட்டி, எத்தனை எண்கள் என்று கேட்பது ஒரு சோதனை. நாவில் முந்திவரும் 'ஐந்து' என்ற சொல்லை அடக்கி 'மூன்று' என்று சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன், அதே விவசாயிகள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பிழையும் அதிகம் செய்தார்கள். அப்பொழுது பொருளை அடகு வைத்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். அறுவடைக்குப் பின் 4 பேர்.

இரண்டாம் முறை செய்த பழக்கத்தால் தேறியிருக்கலாமே என்ற ஆட்சேபத்துக்கு, அறுவடைக்குப் பின் முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட வேறொரு குழுவே பதிலாயிற்று. மாதத்தின் விளைவாக இருக்கலாமே என்ற ஆட்சேபத்துக்கு, சர்க்கரை ஆலையின் கொள்ளளவுக்கு ஏற்பக் கரும்பு வெட்டு பல மாதங்களில் பரவியிருந்ததே பதில்.

இந்த நுட்பத்தில்தான் நமது பள்ளத்தாக்கின் சிறப்பு விளங்குகிறது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஒருசேரத் திறக்கப்படுவதால், அறுவடையும் ஏறக்குறைய ஒருசேர வருகிறது; அங்கே காணும் மன மாற்றம் பணத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். பன்னீர் திராட்சையோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால் ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. ஒரு தோட்டக்காரர் பணம் எண்ணும் அதே வாரத்தில் அடுத்த தோட்டக்காரர் பூச்சிமருந்துக்குக் கடன் சொல்லி நிற்பார். காரணத்தையும் தற்செயலான இணைவையும் பிரித்துக் காட்ட இதைவிடச் சிறந்த களம் அரிது.

ஒரே ஆய்வை வேதவாக்காகக் கொள்வதும் சாஸ்திரம் ஆகாது. அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ளோரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், சிந்தனைத் திறனில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. மெய்யை நிலைநாட்டுவது மறுசோதனை. ஆகவேதான் அது இங்கும் நடைபெற வேண்டும் என்கிறேன்.

உத்தமபாளையத்திலும் போடியிலும் தேனியிலும் உள்ள கல்லூரிகளின் பேராசிரியர்களே! குலுக்கல் முறையில் தோட்டக்காரர்களைத் தேர்ந்து, நோக்கத்தை விளக்கி, அவர்கள் மனமுவந்து சம்மதித்த பின், மாணவர்களைக் கொண்டு இந்த விசாரணையைத் தொடங்குங்கள். அதன் முடிவு எதுவாயினும் மறைக்காமல் வெளியிடுங்கள். அதுவரையில், கடன்பட்டவனின் புத்தியைப் பற்றித் தீர்ப்புக் கூற நம்மில் எவருக்கும் உரிமையில்லை.