பிள்ளைக்குப் பை போதும், படம் வேண்டா



ஜூன் மாதம் நெருங்கினால் வேலூர் முதல் வாணியம்பாடி வரை நம் ஜமாஅத்துகளும் இளைஞர்களும் பள்ளிப் பொருள்கள் திரட்டத் தொடங்கிவிடுகின்றனர். ஜும்ஆவுக்குப் பின் துண்டு ஏந்துகிறார்கள். சில நாள்களில் நோட்டுகளும் பைகளும் குவிந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பங்கு வீடற்றோர் காப்பகங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைச் சென்றடைகிறது. மாஷா அல்லாஹ்.

கல்விக்குக் கொடுப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே தோன்றியது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் பெயரால் ஒரு கல்லூரி நிற்கிறது. அத்தகைய கல்லூரிக்குள் நுழையும் மாணவன் கொடையாளர் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. நம் கையால் பை பெறும் பிள்ளையின் நிலை அவ்வாறில்லை. அதனை வரிசையில் நிறுத்தி, பையின் ஒரு முனையை நாம் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறோம். அன்றிரவே அப்படம் வாட்ஸ்அப்பில் ஊரெங்கும் சுற்றுகிறது.

காப்பகத்தில் வாழும் பிள்ளை, தான் எங்கே உறங்குகிறது என்பதை வகுப்புத் தோழரிடம் சொல்லத் தயங்கும். நம் படம் அதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் ஆகியவை ஊடகச் செய்திகளில் வெளியாவதைத் தன் 74ஆம் பிரிவில் தடுக்கிறது.

படம் போட்டால்தானே அடுத்த ஆண்டு கொடை பெருகும் என்பர் சிலர். கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது கடமைதான். ரசீதைக் காட்டுங்கள், அடுக்கி வைத்த பொருள்களைப் படம் எடுங்கள். வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்பது அதே அத்தியாயத்தின் 271ஆம் வசனத்தின் கருத்து. அந்த வெளிப்படை நம் கணக்கில் இருக்கட்டும், பிள்ளையின் முகத்தில் வேண்டா.

என்ன கொடுக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் ஆகியவற்றை அரசே வழங்குகிறது. நாமும் ஜூனில் பையே கொடுத்தால் இரண்டு பைகள் சேரும். அரையாண்டுத் தேர்வின்போதோ எழுத நோட்டு இராது. நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என நடுவண் அரசின் திட்ட நெறி வகுத்திருந்தது. அவ்வளவு இடத்தில் எங்கே அமர்ந்து படிப்பது? ஒரு நீள மேசையும் நல்ல விளக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு உதவும்.

பொருளைவிட ஆள் தேவைப்படும் இடமும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது, பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகத் தொடக்கக் கல்விக்கான சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். காப்பகத்துத் தாய் இதை அறிந்திருப்பது அரிது. அவருடன் தலைமை ஆசிரியரிடம் சென்றுவர ஒரு சகோதரி முன்வந்தால் அதற்கு ஒரு காலைப்பொழுதுதான் செலவு.

விடுமுறையில் நாம் குடும்பத்தோடு அமிர்திக்குப் போகிறோம். அதனையொட்டிய ஜவ்வாது மலையில் பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்ல, பிள்ளைகள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். அவர்கள் வீடற்றவர் அல்லர், ஆயினும் வீட்டைப் பிரிந்து வாழ்பவர்கள். ஜகாத் நிதியை யாருக்கு வழங்கலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகாவுக்கு மதம் தடையில்லை.

உலகின் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூருக்கு ஒரு வேண்டுகோள். வளரும் கால்களுக்கு ஜூனில் வாங்கிய காலணி ஜனவரியில் கடிக்கும். அப்போது ஒருமுறை, காகிதத்தின்மேல் பாதத்தை வைக்கச் செய்து பென்சிலால் கோடிழுத்து அளவெடுத்து வரலாம். எந்த ஷூ எந்தப் பிள்ளைக்கு என்பது காப்பாளர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.