எல்-ஒன் பாவம், விட்டுடுங்க

நாற்காலி கால் உடைஞ்சாலும், ப்ரொஜெக்டர்ல படம் பச்சையா தெரிஞ்சாலும், ஏசி தண்ணி ஊத்தினாலும் எங்க கேம்பஸ்ல ஒரே வசனம்தான்: "எல்-ஒன் சார், வேற எப்படி இருக்கும்?" ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் ரொம்ப வருஷமா குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில், அந்த எல்-ஒன்னுக்காக நாலு வார்த்தை பேசலாம்னு இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு: டெண்டர்ல ஆகக் குறைந்த விலை போட்டவர்தான் எல்-ஒன். அவருக்குத்தான் ஆர்டர். ஆனா கதையில பாதியை எல்லாரும் மறந்துடறாங்க. ஆய்வுக்கருவி மாதிரி விஷயங்களுக்கு ரெண்டு கவர் உண்டு. முதல்ல தொழில்நுட்பக் கவர். நாம கேட்ட ஸ்பெசிஃபிகேஷனுக்குப் பொருள் ஒத்துவருதான்னு பார்த்து, தேறினவங்களோட விலைக் கவரை மட்டும்தான் பிரிப்போம். அப்போ, உள்ளே வந்த டப்பாப் பொருள் எதுல தேறி வந்துச்சு? நாம எழுதின ஸ்பெசிஃபிகேஷன்லதாங்க.

உதாரணத்துக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர். உயிரியல் துறைகள்ல இது இல்லாம வேலை ஓடாது. பழைய வடிவமைப்பு ஒரு நாளைக்கு 20 யூனிட் வரை கரண்ட் குடிக்கும். சிக்கனமான புது மாடல்கள் 10 யூனிட்டுக்குள்ள முடிச்சுக்கும். ஒரு நாளைக்கு 10 யூனிட் வித்தியாசம்னா வருஷத்துக்கு 3,650, பத்து வருஷத்துல 36,500 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வச்சாக்கூட கிட்டத்தட்ட 3 லட்சம். விலைக் கவர்ல ஒரு லட்சம் குறைச்சுப் போட்டு ஜெயிச்சவர் நமக்கு வச்ச மொய் அது!

இதைத் தடுக்க விதியை மாத்த வேண்டாம். "ஒரு நாளைக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது, சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி இருந்தாலும் மைனஸ் 80 நிக்கணும்" என்று ரெண்டு வரி சேர்த்தா போதும். பல கம்பெனி ப்ரோஷர்ல இருக்கிற கணக்கு குளுகுளு அறையில எடுத்தது. நம்ம ஊர் மே மாசத்துல ஏசி நின்னுபோன லேபைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்?

அந்த ரெண்டு வரியை யார் எழுதறது? இங்கதான் சிக்கல். பேராசிரியருக்கு வகுப்பு, பேப்பர், ஆயிரம் கமிட்டி. அவருக்குத் தெரிஞ்ச விற்பனைப் பிரதிநிதி "நானே அனுப்பறேன் சார்" என்று ஒரு வேர்ட் ஃபைல் அனுப்புவார். அகலம் மில்லிமீட்டர் சுத்தமா அவங்க மாடலேதான் இருக்கும். கம்பெனி பேரை மட்டும் அழிச்சிருப்பாங்க :-) மத்த கம்பெனிங்க சும்மா இருக்குமா? புகார் வரும், டெண்டர் ரத்தாகும், திரும்பவும் முதல்லேர்ந்து. நடுவுல மாட்டிக்கிறது ஆய்வு மாணவர்கள். யுஜிசி ஃபெலோஷிப் மொத்தம் 5 வருஷம்தான். டெண்டர் ரெண்டு தடவை ரத்தானா அதுல ஒரு வருஷம் போச்சு. அந்த நஷ்டம் எந்த ஃபைல்லயும் ஏறாது.

இத்தனைக்கும் பொது நிதி விதிகள் 2017-ல், 144-ம் விதியிலேயே தெளிவா இருக்கு. தேவை என்னவோ அதைத் தெளிவா எழுது, தேவையில்லாத அலங்காரத்தைச் சேர்க்காதேன்னு. யாரு படிக்கறா?

எங்க ஆளுங்க மேலயும் தப்பு உண்டு. மறுக்கல. ஆனா எங்க பயத்தையும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். கூட விலை கொடுத்து வாங்கினா ஆடிட்ல பாரா வரும், ரிட்டையர் ஆகிற வரைக்கும் பதில் எழுதலாம். மலிவா வாங்கி ஆறு மாசத்துல படுத்துட்டா? நான் பார்த்த வரைக்கும் அதுக்கு யாரையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதில்லை. மனுஷன் எந்தப் பக்கம் சாய்வான், நீங்களே சொல்லுங்க.

2021 அக்டோபர்ல நிதி அமைச்சகம் கொஞ்சம் கதவைத் திறந்துச்சு. கட்டுமான வேலைகளுக்கும் சில சேவைகளுக்கும் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம்னு. நல்ல விஷயம். ஆனா ஃப்ரீஸரும் நாற்காலியும் அதுல வராது. அதுக்கு ஒழுங்கா ஸ்பெசிஃபிகேஷன் எழுதறதைத் தவிர வேற வழியில்ல.

என்னைக் கேட்டா, அதை எழுதத் தகுதியான ஆள் லேப் டெக்னீஷியன்தான். எந்த மெஷின்ல எந்த கேஸ்கெட் முதல்ல போகும், எந்தக் கம்பெனி சர்வீஸ் ஆள் போனையே எடுக்கமாட்டான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை எந்தக் கமிட்டியிலயும் போடறதில்ல.

அடுத்த வாரம் ஒரு ப்ரீ-பிட் மீட்டிங் இருக்கு. டெக்னீஷியனையும் கூப்பிடுங்கன்னு ஃபைல்ல எழுதி அனுப்பினேன். "அவரு எதுக்கு?"ன்னு பென்சில்ல ஒரு கேள்வியோட திரும்பி வந்திருக்கு. ரெண்டு பக்கத்துக்குப் பதில் எழுதிக்கிட்டு இருக்கேன்.