மோட்டார் மேளம்

சென்ற மாதம் பொட்டிப்புரத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறு கோயிலில் நின்றேன். தீபாராதனை நேரம். முரசும் மணியும் காதைப் பிளந்தன. வாத்தியக்காரர்களைக் காணலாமே என்று உள்ளே போனால் ஒருவரையும் காணோம். சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம்; அதில் முரசு, மணி, சேகண்டி; பக்கத்தில் ஒரு மோட்டார். பூசாரி விசையைத் தட்டியதும் மேளம் முழங்கிற்றாம். நடுவிலே மின்சாரம் நின்றது. அப்போதுதான், பின்னால் ஒரு கிழவி குலவையிட்டுக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. அதுவரை அவள் குரல் எங்கே போயிற்று?

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் என் மனக்குறையைச் சொன்னேன். "மேளக்காரருக்குக் குடுக்கக் கோயில்ல வருமானம் ஏது தம்பி? இது சம்பளமா கேக்குது?" என்றார்.

வறுமை பொய்யல்ல. ஆனால் அதற்கு மோட்டார்தானா மருந்து?

பொட்டிப்புரத்துக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளம். அங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. இந்த யூதர்கள் நம்மைக் காட்டிலும் பெரிய நஷ்டத்தைக் கண்டவர்கள். ஜெருசலத்துக் கோயிலில் லேவியர் என்ற குலத்தார் யாழும் கைத்தாளமும் கொண்டு பாடிவந்தார்கள். கி.பி. 70-ல் ரோமர்கள் அக்கோயிலை அழித்தார்கள். அந்தத் துக்கத்தாலும், ஓய்வுநாளில் வாத்தியத்தைப் பழுதுபார்க்க நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் ஜெப ஆலயத்தில் வாத்தியத்தை விலக்கினார்கள். ஆண்டுப் பிறப்பில் ஊதும் ஆட்டுக்கடாக் கொம்புதான் மிச்சம்.

இசை செத்ததா? இல்லை. வேதத்தை ராகத்தோடுதான் வாசிக்க வேண்டும். அதற்கான குறிகள் புத்தகத்தில் உண்டு. சபையில் வாசிக்கும் சுருளில் கிடையாது. வாசிப்பவர் அவற்றை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கொச்சி யூதப் பெண்களோ மலையாளத்திலேயே பாட்டுக் கட்டினார்கள். நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் கூடிய இடத்திலேயே பாடினார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறியபோது பாட்டும் கூடவே போயிற்று. 2004-ல் அது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? குரலைக் கொண்டுபோகலாம்.

"யூதர்களும் ஆர்கன் வைத்தார்களே?" என்று படித்தவர்கள் கேட்கக் கூடும். வைத்தார்கள். ஜெர்மனியில் 1810-ல் ஸேஸனிலும், 1818-ல் ஹாம்பர்க்கிலும் சீர்திருத்தக்காரர்கள் வைத்தார்கள். ஹாம்பர்க்கில் பெரும் சண்டையே மூண்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அப்படிச் சண்டையிட்டார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கிறது. தெய்வத்தின் முன் எது ஒலிக்கலாம் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. நம் கோயிலுக்குள் மோட்டார் வந்த அன்று யாராவது சண்டையிட்டார்களா? ஆர்கனுக்காவது வாசிக்க ஒரு மனிதன் வேண்டும். இதற்கு ஒரு விரல் போதும்.

மேளக்காரரை வைத்துக்கொள்ள முடியாத ஊர் கைகொட்டிப் பாடட்டும். தேவாரம் தெரியாதென்றால் கும்மிப் பாட்டுமா தெரியாது? தொண்டைக்குச் சம்பளமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அபஸ்வரமாகப் பாடினால் சாமி கோபித்துக்கொள்ளாது. முதலில் அந்த விசையை நிறுத்துங்கள், கிழவி குலவையிடட்டும்.