மையில்லாக் கைநாட்டு

“இனி முதியோருக்கு எழுத்தெதற்கு? கைப்பேசியே வாசித்துச் சொல்லிவிடுகிறதே!” காரைக்காலில் அண்மையில் ஒரு கூட்டத்தில் படித்தவர் ஒருவர் இவ்வாறு வினவினார். பலர் தலையசைத்தனர். தலையசைத்தோர் அனைவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை வாசகர் கருத்தில் கொள்ளவேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுவை மாநிலத்திலும் தமிழகத்திலும் பரவியபோது, கடலோரக் குப்பம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்திய தொண்டர்களுள் நானும் ஒருவன். அரிக்கேன் விளக்கும் கரும்பலகையும் பாடநூலுமே எங்கள் கருவிகள். மீன் விற்றுத் திரும்பிய ஓர் அம்மாள் மூன்றாம் நாளே பாடநூலைத் தள்ளிவைத்தார். “ஆனா ஆவன்னா இருக்கட்டும் தம்பி. வட்டிக்காரர் சிட்டையில் என்ன எழுதுகிறார், அதைச் சொல்லிக் கொடு.” அன்றிலிருந்து அசல், வட்டி, வரவு என்னும் சொற்களும் எண்களுமே எங்கள் பாடமாயின. சில வாரங்களுக்குப்பின், தாம் கட்டிய ஒரு தவணை வரவில் ஏறவில்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் யாருக்கு ஆசிரியர் என்று எனக்கு அன்று ஐயம் எழுந்தது.

நான் கருவிகளுக்குப் பகைவன் அல்லன். 1963இல் பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரப் பாடத்திட்டத்தில் எழுத்தறிவிக்க முனைந்த பாவுலோ ஃபிரேயர், சுவரில் படங்களை ஒளியாய் வீழ்த்திக் காட்டினார். ஆனால் அந்தப் படம் பேச்சைத் தொடங்கி வைக்க மட்டுமே பயன்பட்டது, பேசியவர்கள் மனிதர்கள். 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் கற்றது மிதிவண்டி. அதைவிடச் சிறந்த கல்வித் தொழில்நுட்பத்தை நான் இன்னும் கண்டதில்லை!

2022இல் நடுவண் அரசு வகுத்த புதிய எழுத்தறிவுத் திட்டமும் தொண்டர்களை நம்பியே அமைந்தது. அதற்கென ‘உல்லாஸ்’ என்னும் செயலி 2023இல் வந்தது. நம்மவர் பேச்சிலோ அச்செயலியே ஆசிரியராகிவிட்டது. பெயரைப் பதிவேற்றினால் கல்வி ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள்.

கைப்பேசி வாசிக்கட்டும். அது வாசித்தது சரிதானா என்று எவரிடம் போய்க் கேட்பது? வங்கி முகவர் நீட்டும் சிறு கருவியில் மூதாட்டி ஒருவர் இன்று பெருவிரலை வைக்கிறார். பணம் வருகிறது, துண்டுச் சீட்டும் வருகிறது. கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது ஆயிரமா, இரண்டாயிரமா? முகவர் சொன்னதே கணக்கு. பெரும்பாலான முகவர்கள் நேர்மையானவர்களே. ஆயினும் பிறர் நேர்மையை நம்பியே வாழவேண்டிய நிலைக்குக் கைநாட்டு என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா? முன்பு விரலில் மை ஒட்டியது. இப்போது ஒட்டுவதில்லை, அவ்வளவே.

நம் பங்குகளில் இளைஞர்க்குக் கணினி வகுப்பென்றால் உடனே அறை ஒதுக்குகிறோம். நான்கு பாட்டிமார் மாலையில் அமர்ந்து அந்தத் துண்டுச் சீட்டை வாசிக்கப் பழகவேண்டும் என்றால் இடமுண்டா? அறைகூட வேண்டாம், திண்ணை போதும். வாரத்துக்கு மூன்று மாலை அவர்கள் அருகில் அமர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.