53 மேலதிகப் பதிவுகள்: கரும்பொருளா, மாசா?

2020 ஜூன் மாதம் இத்தாலியிலிருந்து வந்த ஓர் அறிவியல் செய்தியை நானும் பெரும் எதிர்பார்ப்போடு வாசித்தேன். கிரான் சாசோ மலையில், சுமார் 1,400 மீற்றர் பாறைக்குக் கீழே, திரவச் செனன் நிரப்பிய 'செனன்-1ரி' என்ற கருவி இயங்கியது. ஏதோ ஒன்று இலத்திரன்களைத் தட்டிச் சென்றதற்கான 285 பதிவுகள் அதன் தாழ்சக்தித் தரவுகளில் இருந்தன. எதிர்பார்க்கப்பட்டவையோ ஏறத்தாழ 232. மேலதிகமான 53 எங்கிருந்து வந்தன?

கரும்பொருள் அகப்பட்டுவிட்டதோ என்ற பேச்சு எழுந்தது. ஒளியை உமிழாத, இதுவரை தன் ஈர்ப்பால் மட்டுமே வெளிப்பட்டிருக்கும் பொருள் அது. ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருந்தது. பால்வீதியில் உலவும் கரும்பொருள் செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றர் வேகத்திலேயே நகர்கிறது. எவ்வளவு பாரமான லொறியானாலும் ஊர்ந்து வந்து முட்டினால் பந்து பறக்காது. அதுபோலவே, மெதுவாக வரும் கரும்பொருளால் இலத்திரனுக்கு அவ்வளவு சக்தியைக் கொடுக்க முடியாது. எனவேதான் சில கோட்பாட்டாளர்கள், ஒளிவேகத்தில் சுமார் பத்திலொரு பங்கு வேகத்துடன் வரும் 'விரைவுக் கரும்பொருள்' இருக்கலாம் என்றார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஆய்வுக்குழுவின் நிதானத்தையே. சூரியனிலிருந்து வரும் புதிய துகள்கள் காரணமாகலாம் என்று எழுதிய அதே அறிக்கையில், திரித்தியம் என்ற கதிரியக்க ஐதரசன் மாசாகக் கலந்திருந்தாலும் இதே விளைவு தோன்றும் என்றும் அவர்கள் எழுதினார்கள். ஒரு கிலோ செனனில் மூன்றுக்கும் குறைவான திரித்திய அணுக்களே அதற்குப் போதும்! அத்தனை சிறிய அளவை நேரடியாக அளந்து உறுதிப்படுத்தவும் முடியவில்லை.

ஆகவே அதைவிடப் பெரியதும் தூய்மையானதுமான 'செனன்-என்ரி' கருவியால் மீண்டும் தேடினார்கள். பின்னணி இரைச்சல் ஐந்திலொரு பங்காகக் குறைந்தது. தரவைத் திறந்து பார்க்கும் முன்பே ஆய்வு முறையை முடிவுசெய்தார்கள். 2022 ஜூலையில் முடிவு வெளியானது: மேலதிகப் பதிவுகள் எவையும் இல்லை.

இதனால் விரைவுக் கரும்பொருள் இல்லை என்று ஆகிவிடாது. அந்த 53 பதிவுகளை அதற்குச் சாட்சியாக இனி அழைக்க முடியாது, அவ்வளவுதான். தாம் எழுப்பிய கேள்வியைத் தாமே மூடியவர்களை நான் தோற்றவர்களாகப் பார்க்கவில்லை. இனி இப்படியொரு செய்தி வரும்போது நான் முதலில் தேடப்போவது இரண்டு விடயங்களை: மாசைத் தனியே சோதித்தார்களா? இன்னொரு கருவியிலும் அது தெரிந்ததா?